புனித சவேரியாரும் நம் வீட்டுச் செபமும்



யூபிலி ஆண்டில் ஒரு பங்கு தன் வளர்ச்சியைக் கணக்குப் பார்ப்பது வழக்கம். தொடக்கத்தில் எத்தனை குடும்பங்கள் இருந்தன, இன்று எத்தனை இருக்கின்றன, கோவில் எப்போது கட்டப்பட்டது, மணிக்கூண்டு எப்போது எழுந்தது என்பதையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்கள் சொல்லும். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத கணக்கு ஒன்று உண்டு. இன்று இரவு நம் பங்கில் எத்தனை வீடுகளில் குடும்பச் செபம் சொல்லப்படும்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நம் நிலை நமக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் நம்மவர் பலர் வேலை பார்க்கிறார்கள். அப்பா காலை ஷிப்டுக்குப் புறப்படும்போது பிள்ளைகள் எழுந்திருப்பதில்லை. மகன் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது தங்கை பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். மகளைக் கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிடும்போது ஊர் அடங்கிவிடுகிறது. எல்லாரும் ஒன்றாக உட்காரும் நாள் ஞாயிறு ஒன்றுதான். ஓவர்டைம் வந்தால் அதுவும் போயிற்று. செபிக்க நேரமில்லை என்று பங்குச் சாமியாரிடம் நாம் சொல்லும்போது அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ் மண்ணிலேயே இதைவிடக் கடினமான நிலையில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் குருவானவர் இல்லை. செபப் புத்தகம் இல்லை. கற்றுத் தரப்பட்ட சில வார்த்தைகளும் அவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தன. இரவில் கடலுக்குப் போய் விடிந்து திரும்பும் அந்த மக்களிடையே வந்து, செபத்தை அவர்களுடைய வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார். அவரைப் புதுமைகள் செய்தவராக, ஆயிரமாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவராக நாம் அறிவோம். அன்றாடச் செபத்தின் ஆசிரியராக அவரைப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டை வீட்டுப் பிள்ளை

சவேரியார் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் நாள், இன்று ஸ்பெயின் நாட்டில் இருக்கும் நவார் என்னும் பகுதியில், சவியேர் கோட்டையில் பிறந்தார். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. தந்தை நவார் அரசரிடம் உயர்ந்த பதவி வகித்தவர். ஆனால் செல்வாக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. நவார் போரில் தோற்றது. தந்தை 1515-ல் இறந்தார். மறு ஆண்டே பகைவரின் ஆணையால் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. பத்து வயதுச் சிறுவன் தன் வீடு இடிபடுவதைக் கண்ணால் கண்டான்.

இழந்த பெருமையைப் படிப்பால் மீட்க வேண்டும் என்ற ஆசையோடு 1525-ல் அவர் பாரிஸ் பல்கலைக்கழகத்திற்குப் போனார். பட்டம் பெற்று மெய்யியல் ஆசிரியரும் ஆனார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் பீட்டர் பேபர் என்ற நல்ல இளைஞர். 1529-ல் அந்த அறைக்கு மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். வயதில் மூத்தவர், போரில் காயம்பட்டுக் காலைச் சற்றுச் சாய்த்து நடப்பவர். அவரே புனித இஞ்ஞாசியார். சவேரியார் எளிதில் வசப்படவில்லை. ஆண்டுகள் பல ஆயின. கடைசியில் பதவி ஆசை தோற்றது. 1534-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, மோன்மார்த்ர் குன்றின் சிற்றாலயம் ஒன்றில் எழுவர் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். சவேரியார் அவர்களில் ஒருவர். அதன்பின் முப்பது நாள் தனிமையில் இருந்து இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளைச் செய்தார்.

அவருடைய பிற்கால உழைப்புக்கெல்லாம் அந்த முப்பது நாளே அடித்தளம். பின்னர் ஆயிரக்கணக்கான மைல் நடந்தும் கப்பலேறியும் அலைந்தவர், முதலில் ஓர் இடத்தில் அமர்ந்து ஆண்டவர் முன் தம் மனத்தைத் திறந்து வைக்கக் கற்றுக்கொண்டார்.

1537-ம் ஆண்டு ஜூன் 24-ம் நாள் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவுக்குப் போகக் குறிக்கப்பட்டிருந்த வேறொருவர் நோயில் விழவே, அவருக்குப் பதிலாகச் சவேரியார் புறப்பட நேர்ந்தது. 1541-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் நாள், தமது 35-வது பிறந்த நாளில், லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். பதின்மூன்று மாதங்களுக்குப் பின், 1542 மே 6-ம் நாள் கோவா வந்து சேர்ந்தார்.

பெயர் உண்டு, செபம் இல்லை

கோவாவிலேயே அவருடைய வழி தெரிந்துவிட்டது. கையில் ஒரு சிறு மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். சிறுவர்களும் அடிமைகளும் அவர் பின்னால் கூடுவார்கள். கோவிலுக்கு அழைத்துச் சென்று ஞானோபதேசம் கற்பிப்பார்.

அதே ஆண்டு அக்டோபர் மாதம் தமிழ் அறிந்த மூன்று மாணவர்களை அழைத்துக்கொண்டு முத்துக்குளித் துறைக்கு வந்தார். கன்னியாகுமரி தொடங்கித் தூத்துக்குடிக்கு அப்பாலும் நீளும் அக்கடற்கரையின் பரதவர், அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துச் சலாபத்தைப் பற்றி எழுந்த பூசலில் போர்த்துக்கீசியரின் காவலை நாடிய காலம் அது. ஞானஸ்நானம் நடந்தது, அதன்பின் கற்பிக்க எவரும் தங்கவில்லை.

சவேரியார் ஊர் ஊராகப் போய் அவர்களை விசாரித்தார். தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் கேட்டால், போர்த்துக்கீசிய மொழி தங்களுக்குப் புரியாததால் எதை விசுவசிக்க வேண்டும் என்று தங்களுக்குத் தெரியாது என்றார்கள். அவர்களுக்குக் கிறிஸ்தவப் பெயர் இருந்தது. கழுத்தில் சிலுவையும் இருந்திருக்கலாம். வாயில் செபம் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நாமும் யோசிக்க வேண்டிய இடம் இது.

தூத்துக்குடிக்குப் போகும் வழியில் கொம்புத்துறை என்ற ஊரில் ஒரு பெண் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடந்தாள். பிழைப்பாள் என்ற நம்பிக்கை வீட்டாருக்கு இல்லை. சவேரியார் அவ்வீட்டிற்குள் போனார். மாணவர் ஒருவர் மொழிபெயர்க்க, விசுவாசப் பிரமாணத்தை அவளுக்கு எடுத்துச் சொன்னார். விசுவசிப்பதாக அவள் சொன்னதும் ஞானஸ்நானம் கொடுத்தார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. தமிழ்நாட்டில் சவேரியாரின் பணிக்குத் தொடக்கமாக நிற்கும் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. அது நடந்தது கோவிலில் அன்று. ஓர் ஏழை வீட்டில், பாயில் கிடந்த ஒரு தாயின் தலைமாட்டில்.

தமிழில் வந்த செபம்

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் மக்களுக்கு அவர் மொழி தெரியாது. அவருடைய தாய்மொழி பாஸ்கு. ஆகவே தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி, பல நாள் அவர்களோடு உட்கார்ந்து, செபங்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், கிருபைதயாபத்து மந்திரம், பாவ அறிக்கை ஆகியவை அவற்றுள் அடங்கும். பிறகு அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த ஆசிரியர், அந்நிய மொழி ஒலிகளை ஒரு சிறுபிள்ளையைப் போல் திரும்பத் திரும்பச் சொல்லிப் படித்தார்.

அதன்பின் கையில் மணியோடு ஊருக்குள் இறங்கினார். நாள்தோறும் இருமுறை சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டிச் செபம் கற்பித்தார். ஓர் ஊரில் ஒரு மாத காலம் இப்படி நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண், பெண், சிறியவர், பெரியவர் எல்லாரும் கூடுவார்கள். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பிரிவையும் சொல்லி, இதை விசுவசிக்கிறீர்களா என்று அவர் கேட்பார். மக்கள் கைகளை நெஞ்சின்மேல் சிலுவையாக வைத்து, விசுவசிப்பதாக உரத்துச் சொல்வார்கள். அந்தந்தப் பிரிவை உறுதியாக விசுவசிக்க வரம் கேட்டு ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள் நிறை மந்திரமும் உடனே சொல்வார்கள். கட்டளைகளுக்கும் அப்படியே, ஒரு கட்டளையைச் சொன்னதும், அதைக் கைக்கொள்ள வரம் கேட்டுச் செபம்.

சிறு பிள்ளைகள் அவரை விடவில்லை. தங்களுக்கு ஒரு செபமாவது சொல்லித் தராமல் அவரைச் சாப்பிடவோ தூங்கவோ, தம் கட்டளைச் செபத்தைச் சொல்லவோ விடமாட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகும். விசுவாசப் பிரமாணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிவிடும்.

பிள்ளைகளே உபதேசியார்

ஆனால் ஒருவரே எத்தனை ஊரில் இருக்க முடியும்? ஓர் ஊரை விட்டுப் புறப்பட்டால் திரும்பி வரப் பல மாதம் ஆகும். தாம் இல்லாதபோது செபம் நின்றுவிடக் கூடாது என்பதே சவேரியாரின் பெருங்கவலை. அதற்கு அவர் செய்த ஏற்பாடுகள் மிக எளியவை.

முதலாவது, பிள்ளைகள். பாடத்தில் கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் மற்றவர்களுக்கும், பக்கத்து வீட்டாருக்கும் அவர்கள் சொல்லித் தர வேண்டும். மேலும், எந்த வீட்டிலாவது நோயாளி இருந்து தம்மை அழைத்தால், எல்லா இடத்திற்கும் போக முடியாத சவேரியார், செபம் அறிந்த பிள்ளைகளை அனுப்புவார். பிள்ளைகள் அவ்வீட்டில் நோயாளியைச் சுற்றி நிற்க, வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் கூட, எல்லாரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் சொல்வார்கள். அவ்வீட்டாரின் விசுவாசத்தையும் பிள்ளைகளின் விசுவாசத்தையும் பார்த்துப் பலருக்கு ஆண்டவர் சுகம் தந்ததாகச் சவேரியார் எழுதினார்.

இரண்டாவது, எழுத்து. செபங்களின் எழுத்துப் பிரதி ஒன்றை ஒவ்வோர் ஊரிலும் விட்டுச் செல்வார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு, மனப்பாடம் செய்து, நாள்தோறும் சொல்ல வேண்டும். திருநாள்களில் எல்லாரும் கூடிப் பாட வேண்டும்.

மூன்றாவது, கணக்கப்பிள்ளை. செபம் நடத்தவும் கோவிலைப் பார்த்துக்கொள்ளவும் ஊருக்கு ஊர் பொறுப்பாளரை ஏற்படுத்தினார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் பாதரட்சைச் செலவுக்கென்று கடற்கரையிலிருந்து வசூலாகிய பணத்தை இதற்குக் கேட்டு வாங்கினார். அரசியின் செருப்புக் காசு நம் கடற்கரை மக்களுக்குச் செபம் கற்பிக்கும் கூலியாயிற்று.

குருவானவர் வந்தால்தான் செபம் என்ற நிலையைச் சவேரியார் ஏற்கவில்லை என்பது இவற்றிலிருந்து தெளிவாகிறது. திருப்பலிக்கும் பாவசங்கீர்த்தனத்திற்கும் குரு வேண்டும். அந்தி நேரத்தில் வீட்டில் சிலுவை அடையாளம் போட்டுச் செபத்தைத் தொடங்க ஒரு பத்து வயதுப் பிள்ளை போதும்.

ஒரு சொல்லைத் திருத்தினார்

இனிச் சொல்லப் போவது சிறிய நிகழ்ச்சி. சவேரியாரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள். ஆனால் நம் செபத்திற்கு இதைப் போல வெளிச்சம் தருவது வேறில்லை.

சவேரியாருக்குத் துணையாக மான்சிலாஸ் என்பவர் கடற்கரையில் பணி செய்தார். 1544-ல் சவேரியார் அவருக்கு அடிக்கடி கடிதம் எழுதினார். அவற்றுள் ஒன்றில் செபத்தின் வாசகத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார். தூத்துக்குடியில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர்கள், விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள். மக்களும் இரண்டு ஆண்டுகளாக அப்படியே சொல்லி வந்தார்கள். வேணும் என்றால் எனக்கு விருப்பம், எனக்குத் தேவை என்று பொருள் என்பது சவேரியாருக்குப் பின்னால்தான் புரிந்தது. உடனே அச்சொல்லை எடுத்துவிட்டு ‘விசுவாசம்’ என்ற சொல்லை வைக்கும்படி மான்சிலாசுக்கு எழுதினார். ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய இடத்தில் பலவந்தம் என்று பொருள்படும் ஒரு சொல்லும் நுழைந்திருந்தது. கிறிஸ்து தம் சொந்த மனத்தோடு பாடுபட்டாரே அன்றி எவரும் அவரைப் பலவந்தம் செய்யவில்லை என்று காட்டி, அதையும் நீக்கச் சொன்னார்.

எந்த வேளையில் இதைச் செய்தார் தெரியுமா? அந்த ஆண்டு கடற்கரைக்கே பெருந்துன்ப ஆண்டு. ஜூன் மாதம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியது. மக்கள் உயிர் தப்பக் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் போய் ஒதுங்கினார்கள். அங்கே உணவும் இல்லை, குடிநீரும் இல்லை. மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவுப் பொருள் ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளை முன்னேற விடவில்லை. பின்னர் தரைவழியே நடந்தே போய் அம்மக்களைப் பார்த்தார். பசியால் செத்தவர்களும் உண்டு. பிழைத்தவர்களை மணப்பாட்டுக்குச் சேர்ப்பது, பணக்காரரிடம் ஏழைகளுக்காகக் கேட்பது, போர்த்துக்கீசிய அதிகாரிகளின் அநியாயத்தைத் தட்டிக் கேட்பது என்று ஓயாத அலைச்சல். அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் செபத்தில் ஒரு சொல் தவறாக இருக்கிறதே என்று கவலைப்பட்டார். பசித்தவனுக்குச் சோறு தேடுவதும் செபிப்பவனுக்குச் சரியான சொல்லைத் தேடுவதும் அவருக்கு ஒரே அன்பின் இரு வேலைகள்.

பங்கு மக்களே, அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்களை நாம் குறை சொல்ல வேண்டாம். அவர்கள் ஏட்டில் செய்த பிழையை நாம் மனத்தில் செய்துகொண்டிருக்கிறோம். வேலை நிரந்தரமாக வேணும். பையனுக்குக் கம்பெனியில் இடம் வேணும். பெண்ணுக்கு வரன் வேணும். மனை வேணும், கடன் தீர வேணும். நம் செபம் முழுவதையும் பிழிந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். கேட்டது கிடைத்தால் கோவிலுக்கு வருகிறோம், கிடைக்காவிட்டால் நின்றுவிடுகிறோம். செபம் சலித்துப்போவதற்கு நேரமின்மை மட்டும் காரணமில்லை.

அப்படியானால் கேட்பதே தவறா? தவறில்லை. ஆண்டவரே கற்பித்த பரலோக மந்திரத்தில் அன்றாட அப்பத்தைக் கேட்கிறோம். சவேரியாரும் கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் ஏற்படுத்திய வரிசையைப் பாருங்கள். முதலில் விசுவசிக்கிறேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வது. அதன்பின் அந்த விசுவாசத்தில் நிலைக்க வரம் கேட்பது. முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு அவர் கையைப் பார்க்கும் பிள்ளையின் வழக்கம் அது. தேவையைச் சொல்வதற்கு முன், நீர் எங்கள் தந்தை என்று சொல்லி ஒரு நிமிடம் நின்றால், அதே பழைய செபம் புதிதாகிவிடும்.

மயிலையில் நான்கு மாதம்

1544-ம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்திற்கு மேற்பட்ட முக்குவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த சவேரியார், அடுத்த ஆண்டு ஒரு கேள்வியோடு நம் பக்கம் வந்தார். இனி எங்கே போவது? தமிழகக் கடற்கரையிலேயே இருப்பதா, கிழக்கே மலாக்காவுக்கும் அதற்கு அப்பாலும் போவதா? அவருக்கு விடை தெரியவில்லை.

விடை தேடி அவர் வந்த இடம் மயிலாப்பூர். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் நாம் போய்வரும் தூரம்தான். 1545-ல் ஏறக்குறைய நான்கு மாதம் அங்கே பங்குக் குருவின் இல்லத்தில் தங்கினார். பகலில் மக்களுக்குப் பணி செய்தார். இரவில் எல்லாரும் உறங்கிய பின் தோட்டத்தின் வழியாகத் தனியே நடந்து, திருத்தூதர் தோமையாரின் கல்லறை இருந்த கோவிலுக்குள் போய்ச் செபிப்பார். அந்தச் செபத்தின் முடிவில் கிழக்கே போவதே ஆண்டவரின் விருப்பம் என்ற தெளிவும் உள்ளத்தில் மிகுந்த ஆறுதலும் பெற்றார். அங்கிருந்தே மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

கூட்டத்தோடு உரத்துச் சொல்லும் செபத்தைக் கற்பித்தவருக்கு, தனியே மௌனமாக இருக்கும் செபமும் தேவைப்பட்டது. அதற்கு அவருக்குக் கிடைத்த நேரம் இரவு. நம்மில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். ஊர் உறங்கும்போது விழித்திருப்பதில் சவேரியாரும் நம் கூட்டாளிதான். தேநீர் இடைவேளையில் ஓர் ஓரமாக நின்று ஆண்டவரை நினைக்கும் இரண்டு நிமிடமும் செபமே.

தூர தேசங்களிலும்

மலாக்காவிலிருந்து மொலுக்காஸ் தீவுகளுக்குப் போனார். அங்கும் மக்கள் புரிந்துகொள்ளும் மலாய் மொழியில் செபங்களை ஆக்கினார். உறவும் நட்பும் எட்டாத அந்தத் தீவுகளில், தம் தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையெழுத்துகளை வெட்டி எடுத்து, எப்போதும் தம்மோடு வைத்துக்கொண்டார். ஒருவரை நினைப்பதும் அவருக்காகச் செபிப்பதும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

1549-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ம் நாள் ஜப்பானில் கால் வைத்தார். அங்கும் ஒரு சொல் அவரை ஏமாற்றியது. கடவுளைக் குறிக்க மொழிபெயர்ப்பாளர் சொன்ன ஜப்பானியச் சொல், அந்நாட்டுப் பௌத்தர்கள் வேறு பொருளில் வழங்கும் பெயர் என்று பின்னர் தெரிந்தது. தெரிந்த உடனே அதை விட்டுவிட்டு, கடவுளுக்குரிய இலத்தீன் பெயரையே பயன்படுத்தத் தொடங்கினார். தாம் கற்பித்தது தவறு என்று மக்கள் முன் ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை.

அவரும் தம் காலத்து மனிதரே. பிற சமயத்தாரைப் பற்றி அவர் எழுதிய சில கடுமையான சொற்களை இன்று நாம் சொல்ல மாட்டோம். பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை மதிக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆயினும் தம் பிழையைத் திருத்திக்கொள்ளும் தாழ்ச்சி அவரிடம் கடைசி வரை இருந்தது.

சீன நாட்டுக்குள் போக விரும்பி, அதன் கரைக்கு எதிரேயிருக்கும் சான்சியன் தீவில் காத்திருந்தார். அழைத்துப் போவதாகச் சொன்ன வணிகன் வரவில்லை. காய்ச்சல் வந்தது. ஒரு குடிசையில், அந்தோனி என்ற சீனக் கிறிஸ்தவர் பக்கத்திலிருக்க, 1552-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் நாள் உயிர் துறந்தார். வயது 46. கடைசி நாள்களில் அவர் வானத்தை நோக்கிக் கண்களை உயர்த்தி உரக்கச் செபித்ததையும், தமக்குப் புரியாத ஒரு மொழியில் பேசியதையும் அந்தோனி நினைவுகூர்ந்தார். அது அவருடைய தாய்மொழியான பாஸ்குவாக இருக்கலாம் என்பர். தமிழருக்குத் தமிழிலும், மலாய் மக்களுக்கு மலாயிலும் செபம் தந்தவர், கடைசியில் தாம் தாய் மடியில் கற்ற மொழிக்கே திரும்பினார் போலும்.

அவருடைய திருவுடல் 1554-ல் கோவா கொண்டுவரப்பட்டது. இன்றும் அங்கே போம் ஜீசஸ் பேராலயத்தில் இருக்கிறது. 1622-ம் ஆண்டு மார்ச் 12-ம் நாள், இஞ்ஞாசியாரோடு சேர்த்து அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

அவர் விட்டுப்போன விதை தமிழகத்தில் வளர்ந்தது. அவருக்குப்பின் அன்ரிக்கே அன்ரிக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, பழைய மொழிபெயர்ப்பின் பிழைகளைக் களைந்தார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் இந்திய எழுத்தில் அச்சான மிகப் பழைய நூல் அதுவே. தமிழ் அச்சு வரலாற்றின் வாசலில் நிற்கும் அச்சிறு நூல், மக்கள் மறையையும் செபத்தையும் கற்பதற்காகப் பிறந்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

நாம் செய்யக் கூடியவை

சவேரியாரின் வழி பெரிய வழியில்லை. நம் வீட்டிலும் அதை இன்றே தொடங்கலாம்.

மணி ஒன்று வேண்டும். சவேரியார் கையில் மணி எடுத்தார். நமக்குக் கோவில் மணி கேட்காவிட்டாலும் தொழிற்சாலைச் சங்கு கேட்கிறது. சட்டைப்பையில் செல்போன் இருக்கிறது. வேலைக்கு எழுப்பும் அதே கருவி, நாளில் ஒரு வேளை செபத்திற்கும் அழைக்கட்டும்.

பிள்ளைகள் தொடங்கட்டும். அப்பா வீட்டில் இல்லாத இரவில் செபம் நின்றுவிட வேண்டியதில்லை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கற்றதை நம் பிள்ளை வீட்டில் சொல்லட்டும். தாத்தாவும் பாட்டியும் பின்னால் சொல்லட்டும். வேலைக்குப் போயிருக்கும் அப்பாவின் பெயரையும் அண்ணனின் பெயரையும் சொல்லி வேண்டட்டும். அப்போது அவர்களும் அந்தச் செபத்தில் இருக்கிறார்கள்.

நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும். வேலையில் அடிபட்டுப் படுத்திருப்பவர், முதுமையால் கோவிலுக்கு வர முடியாதவர் நம் அன்பியங்கள் ஒவ்வொன்றிலும் உண்டு. சவேரியார் பிள்ளைகளை அனுப்பியதுபோல் நாமும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், பத்து நிமிடம் செபித்துவிட்டு வரலாம்.

புரிந்து சொல்ல வேண்டும். விசுவாசப் பிரமாணத்தை ஓடும் ரயிலைப் போல் சொல்லி முடிக்காமல், வாரத்திற்கு ஒரு பிரிவை எடுத்து, வீட்டில் அதன் பொருளைப் பேசலாம். ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் நம் பகுதிக்கு வேலைக்கு வந்திருக்கும் கிறிஸ்தவச் சகோதரர்கள் தங்கள் மொழியில் செபிக்க இடமும் நேரமும் கிடைக்கிறதா என்று கேட்பதும் நம் கடமை. புரியாத மொழியில் கிறிஸ்தவர்களாக்கப்பட்டுக் கைவிடப்பட்ட மக்களின் பிள்ளைகள் நாம்; அந்தக் குறை எப்படிப்பட்டது என்று நம் முன்னோருக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. இன்றிரவு படுக்கப் போகுமுன், வேணும் என்ற சொல்லை எடுப்பதற்கு முன்பாக, நெஞ்சில் கைகளைச் சிலுவையாக வைத்து, ஆண்டவரே உம்மை விசுவசிக்கிறேன் என்று ஒருமுறை சொல்லுவோம். 480 ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் பரதவ மக்கள் அப்படித்தான் நின்று சொன்னார்கள். நம் பங்கின் யூபிலி கொடியிறக்கத்தோடு முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தை வீட்டில் தங்கினால், அடுத்த யூபிலியைக் கொண்டாட நம் பிள்ளைகள் இக்கோவிலில் இருப்பார்கள்.